ஜப்பானில் மாரத்தான்: முதலில் ஓட்டம், பிறகு ஊர்

உள்ளூரில் இரண்டு மூன்று ஃபுல் மாரத்தான் ஓடி முடித்தவர்களுக்கு அடுத்ததாக வெளிநாட்டில் ஒன்று ஓட வேண்டும் என்று தோன்றும். பேச்சு தொடங்கியதுமே டோக்கியோ பெயர் வந்துவிடும். ஓடினது மாதிரியும் ஆயிற்று, கோயில், வெந்நீர்க் குளியல், தேநீர் என்று ஜப்பானைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று கணக்குப் போடுவோம். கணக்கு சரிதான், ஆனால் வரிசை முக்கியம். ஜப்பானில் ஊர் சுற்றுவது என்றால் நடைதான். ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் நடக்க நேரும். ஓட்டத்துக்கு முன்னால் நான்கு நாள் அப்படிச் சுற்றினால், மாதக்கணக்கில் செய்த பயிற்சி அங்கேயே கரைந்துவிடும். அதனால் ஓட்டத்தை முன்னால் வையுங்கள், ஊரைப் பின்னால் வையுங்கள். அப்புறம், மாரத்தான் ஓடிய கால்களோடு என்னென்ன பார்க்க முடியும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே யோசித்து வையுங்கள்.

எந்த ஓட்டம்?

டோக்கியோ மாரத்தான் இப்போதைய வடிவில் 2007இல் தொடங்கியது. இப்போதெல்லாம் மார்ச் முதல் ஞாயிறன்று நடக்கிறது. சுமார் 38,000 பேர் ஓடுகிறார்கள். இடம் கிடைப்பது பெரும்பாலும் குலுக்கலில்தான். 2019 ஓட்டத்துக்கு 3,30,000 பேர் விண்ணப்பித்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. பொதுக் குலுக்கலுக்கான விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும், முடிவு செப்டம்பரில் வரும். நன்கொடை வழியாகவும் சேரலாம். அதற்கு ஒரு லட்சம் யென்னாவது கொடுக்க வேண்டியிருக்கும், பதிவுக் கட்டணம் தனி. அதிகாரபூர்வப் பயண நிறுவனங்கள் இடத்தையும் ஓட்டல் அறையையும் சேர்த்தே விற்கின்றன. வசதியான வழிதான், ஆனால் பை கனமாக இருக்க வேண்டும்.

குலுக்கலில் பெயர் போடுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பிப்ரவரி நடுவில் கியோட்டோ, பிப்ரவரி கடைசியில் ஒசாகா, மார்ச்சில் பெண்களுக்கு மட்டுமான நகோயா மாரத்தான் என்று வரிசையாக இருக்கின்றன. நகோயாவில் ஓடி முடிக்கும் பெண்களுக்குப் பதக்கத்துக்குப் பதிலாக டிஃபனி பென்டன்ட் தருகிறார்கள். கியோட்டோ பாதை பழைய கோயில்களை ஒட்டிப் போய், ஹெயன் ஆலயத்துக்கு முன்னால் முடிகிறது. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டிசம்பரில் ஒகினாவாவின் நாஹா மாரத்தான் இருக்கிறது. அங்கே ஜப்பானியர்களே வெயில் என்று தவிப்பார்கள், நமக்கு இதமாக இருக்கும். நான் மெதுவாகத்தான் ஓடுவேன் என்பவர்கள் தெற்கே ககோஷிமா பக்கம் ஜனவரியில் நடக்கும் இபுசுகி மாரத்தானைப் பாருங்கள். கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கத் தரும் நேரம், எட்டு மணி நேரம், வழியெல்லாம் மஞ்சள் கடுகுப்பூ மாதிரியான பூ, ஓடி முடித்ததும் கழுத்துவரை சூடான மணலில் புதைத்து வைக்கும் குளியல்.

வெளிநாட்டவர் பதிவு செய்ய ரன்னெட் குளோபல் என்ற ஆங்கிலத் தளம் உதவும். சிறிய ஊர்ப் போட்டிகள் சில, பிப் என்ற மார்பு எண் அட்டையை ஜப்பான் முகவரிக்குத் தபாலில் அனுப்புகின்றன. அங்கே தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் என்றால் கட்-ஆஃப்தான்

டோக்கியோவுக்கு ஏழு மணி நேரம், கியோட்டோவுக்கு ஆறு. ஆனால் கடைசி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வழிநெடுகச் சோதனைப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரம் உண்டு. அந்த நேரம் ஆனதும் கயிற்றைக் குறுக்கே பிடித்துவிடுவார்கள். ஒரு நொடி தாமதமானாலும் உங்களை ஏற்றிக்கொள்ளப் பேருந்து பின்னாலேயே வரும். கெஞ்சிப் பயனில்லை. தன்னார்வலர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார், ஆனால் கயிற்றைத் தூக்க மாட்டார்.

இன்னொன்று, டோக்கியோவில் கடிகாரம் ஓடத் தொடங்குவது துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து. நீங்கள் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து அல்ல. கடைசி வரிசையில் நிற்பவர் கோட்டைத் தொடவே இருபது நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே ஏழு மணி நேரத்தை ஆறரை என்று நினைத்துப் பயிற்சி செய்யுங்கள். பதிவு செய்யும்போது உங்கள் உண்மையான நேரத்தைக் கொடுங்கள். அதை வைத்துத்தான் வரிசை பிரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் உலகத்திலேயே மிக நீண்ட மாரத்தான் நேரம் ஒரு ஜப்பானியர் பெயரில்தான் இருக்கிறது. ஷிசோ கனகுரி 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வெயிலில் சுருண்டு, வழியில் ஒரு வீட்டுக்காரர்கள் கவனித்து அனுப்ப, அதிகாரிகளிடம் சொல்லாமலேயே ஊர் திரும்பிவிட்டார். 1967இல் சுவீடன்காரர்கள் அவரைக் கூப்பிட்டு ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி. இவர்தான் 1920இல் ஹகோனே எகிடென் என்ற பல்கலைக்கழகத் தொடர் ஓட்டம் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர். இன்றும் ஜனவரி 2, 3 தேதிகளில் அது நடக்கும்போது நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடும். இபுசுகிக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே போனால், டோக்கியோ சாலையோரத்தில் நின்று இலவசமாகவே பார்க்கலாம்.

விசா

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்குத் தேவை.

இந்தியாவில் விண்ணப்பம் விஎஃப்எஸ் மையங்கள் வழியாகப் போகிறது. ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பீர்கள் என்ற பயணத் திட்டம், விமான முன்பதிவு, தங்குமிடம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ஆவணம், வேலையில் இருந்தால் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் இடம் உறுதியான மின்னஞ்சலையும் அச்செடுத்து இணையுங்கள். எதற்குப் போகிறீர்கள் என்று ஒரே தாளில் சொல்லிவிடும்.

ஒருமுறை நுழையும் விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். குலுக்கலில் விழுந்த குஷியில் அக்டோபரிலேயே விசா எடுத்தால் மார்ச்சுக்குள் காலாவதியாகிவிடும். மார்ச் ஓட்டத்துக்கு ஜனவரியில் விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். 2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா மின்வடிவில் வருகிறது. விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் அச்சுத்தாளும் செல்லாது. இறங்கியவுடன் இணையம் கிடைக்கிற மாதிரி ஈ-சிம் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை நிரப்பி வைத்தால் வரிசை சுருக்கமாக முடியும்.

குளிருக்கும் ஒன்பது மணிக்கும் பழகுவது

நம் ஊரில் மாரத்தான் விடியும் முன்பே தொடங்கிவிடும். டோக்கியோவில் 9:10க்கு. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுவதால், அது இந்தியாவில் காலை 5:40. உடம்புக்கு இது பழகிய நேரம்தான். சிரமம் அதற்கு முன்னால். காலை 5:30க்கு எழுந்து சாப்பிட வேண்டுமே, அது நம் கணக்கில் இரவு இரண்டு மணி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவு சீக்கிரமாகத் தூங்குங்கள். வியாழன் மாலைக்குள்ளாவது டோக்கியோ போய்ச் சேருங்கள்.

மார்ச் தொடக்கத்தில் டோக்கியோ காலை 4, 5 டிகிரி இருக்கும், மதியம் 12 அளவுக்கு ஏறும். ஓடுவதற்கு அருமையான குளிர் அது. வியர்வையில் நனைந்து பழகிய சென்னை ஓட்டக்காரர்களுக்கு வேகம் தானாகவே கூடும். வாட்டுவது, ஓடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பதுதான். கையுறை, கைக்கு ஸ்லீவ், தலைக்குத் துணித்தொப்பி, மேலே போட்டுக்கொள்ள 100 யென் கடையில் கிடைக்கும் மழைக்கோட்டு. இவ்வளவு போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போக வாய்ப்பிருந்தால் டிசம்பர் காலையில் ஒரு லாங் ரன்னை இதே உடையில் ஓடிப் பாருங்கள். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை மறந்துவிடுவோம் என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

மார்ச் என்றால் ஜப்பானில் சுகி மரத்து மகரந்தம் பறக்கும் காலமும்கூட. தும்மல், கண் எரிச்சல் உள்ளவர்கள் முகக்கவசமும் மாத்திரையும் கொண்டு போங்கள். மாத்திரை என்றதும் ஒரு எச்சரிக்கை. கோடீன், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி, இருமல் மருந்துகள் நம் வீட்டு அலமாரியில் சாதாரணமாக இருக்கும். ஜப்பானில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அவை தடை. பெயரைப் பார்க்காமல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்த வழக்கமான மாத்திரையானாலும் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போக முன் அனுமதி வேண்டும்.

பெட்டியும் அறையும்

ஓடும் ஷூ, உடை, ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் எல்லாம் கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தொலைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது. ஜெல்லையும் திரவமாகத்தான் கணக்கு வைப்பார்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு உட்பட்ட பாக்கெட்டுகளைப் பையில் தனியாக எடுத்து வையுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். கடிகாரம் சார்ஜ் ஆகாமல் போட்டிக்கு நிற்காதீர்கள்.

கருவேப்பிலை, பழம் போன்றவை சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியாது. இறைச்சி எந்த வடிவிலும் கூடாது, கோழி ஊறுகாய் உட்பட. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் பிரச்சினையில்லை.

அறையைக் குலுக்கல் முடிவு வந்த அன்றே, ரத்து செய்யக்கூடிய வகையில் பிடித்துவிடுங்கள். தொடக்கக் கோடு ஷின்ஜுகுவில், முடிவு டோக்கியோ நிலையம் அருகில். பலரும் தொடக்கத்துக்குப் பக்கத்தில் அறை தேடுவார்கள். நான் முடிவுக்குப் பக்கத்தில்தான் எடுக்கச் சொல்வேன். காலையில் கால் நன்றாக இருக்கும், ரயிலும் சொன்ன நேரத்துக்கு வரும். மதியம் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டு முன்னால் நிற்கும்போதுதான் அறையின் அருமை தெரியும். கட்டில் இருக்கிற அறையாக எடுங்கள். தரையில் மெத்தை விரிக்கும் பாரம்பரிய விடுதிக்கு ஆசையிருந்தால் இரண்டு நாள் கழித்துப் போகலாம். 42 கிலோமீட்டர் ஓடிய அன்று தரையிலிருந்து எழுவது தனிப் போட்டி.

பெரிய பெட்டியை நீங்கள் இழுக்கவே வேண்டாம். விமான நிலையத்திலேயே தக்யூபின் என்ற கூரியர் கவுன்டர் இருக்கும். சில ஆயிரம் யென்னுக்கு ஓட்டலில் கொண்டு வந்து சேர்த்துவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாளே.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டிக்கு முந்தின நாள் மட்டும் பச்சை மீனை ஒதுக்கி வையுங்கள்.

சைவர்கள்தான் கவனிக்க வேண்டும். தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீனிலிருந்து எடுப்பது. மிசோ சூப், ஊடோன், சோபா குழம்பு, சில சமயம் வேகவைத்த காய்கறியில்கூட அது இருக்கும். கறி இல்லை என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும், மீன் அவர் கணக்கில் வராது. அதனால் போட்டி நாள்வரை சோதனை முயற்சிகள் வேண்டாம். தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் கடைகளில் வெறும் வெள்ளைச் சோறு பாக்கெட்டில் கிடைக்கும், அங்கேயே சூடாக்கியும் தருவார்கள். இனிப்பில்லாத தயிரும் உண்டு. ஊரிலிருந்து கொண்டு போன ஊறுகாயைச் சேர்த்தால் தயிர்சாதம் தயார். மாரத்தானுக்கு முந்தின இரவுக்கு இதைவிடப் பாதுகாப்பான உணவு உலகத்தில் இல்லை என்பது என் கட்சி. சாம்பார் இல்லாமல் முடியாது என்றால் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பக்கம் போகலாம்.

காலையில் ஒனிகிரி என்ற சோற்று உருண்டை. உப்பு மட்டும் போட்டதும் உண்டு, உமெபோஷி என்ற உப்புப் பிளம் வைத்ததும் உண்டு. மீன் கலந்திருக்கிறதா என்று போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள். அதோடு ஒரு வாழைப்பழம். கடை காலையில் காலியாக வாய்ப்புண்டு, சனி மாலையே வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசி இரண்டு நாள்

பிப் வாங்க நீங்களே நேரில் போக வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு. டோக்கியோவில் அடையாளம் பார்த்துக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். ஞாயிறு ஓடி முடிக்கும்வரை குளியலிலும் தூக்கத்திலும் அதைக் கழற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை போய் வாங்கிவிட்டால் சனிக்கிழமைக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. பிப் தரும் இடத்தில் நடக்கும் கண்காட்சியில் மூன்று மணி நேரம் சுற்றிக் கால்களைக் கெடுத்துக்கொள்கிறவர்களை எல்லா ஆண்டும் பார்க்கலாம்.

கால்களை எழுப்பிவிட மென்மையாக ஓட வேண்டுமென்றால் அரண்மனையைச் சுற்றிய 5 கிலோமீட்டர் பாதைக்குப் போங்கள். சிக்னல் கிடையாது. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவது அங்கே வழக்கம், நடந்து போகிறவர்களுக்கே முன்னுரிமை. அதோடு நிறுத்திக்கொண்டு அறைக்குத் திரும்புங்கள்.

போட்டி நாள்

ஷின்ஜுகுவில் உங்களுக்கு ஒதுக்கிய நுழைவாயிலுக்கு ஏழு மணிவாக்கில் போய்ச் சேருங்கள். பாதுகாப்புச் சோதனை விமான நிலையம் போலவே நடக்கும். பிளாஸ்டிக் பாட்டில், கேன் எதற்கும் அனுமதியில்லை. கழிவறை வரிசை நீளம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதில் நின்றுவிடுங்கள்.

முதல் ஐந்து கிலோமீட்டர் இறக்கம். எல்லோரும் பறப்பார்கள், நீங்கள் பறக்க வேண்டாம். அப்புறம் பெரும்பாலும் சமதரை. நிஹொன்பாஷி, அசகுசாவில் பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் கமினாரிமோன் வாசல், ரியோகோகு, கின்சா என்று ஊரே கண் முன்னால் போகும். சுற்றிப் பார்க்கத்தானே வந்தோம், அதில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. யூ-டர்ன்கள் சில உண்டு. எதிர்ப்பக்கம் நம்மைவிட வேகமானவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடுவது சிலருக்கு ஊக்கம், சிலருக்கு எரிச்சல். கடைசி ஒரு கிலோமீட்டர் மருனோஉச்சியில் கல் பாவிய தெரு, முடிவில் டோக்கியோ நிலையத்தின் செங்கல் கட்டடம்.

சாலையில் எதையும் எறியாதீர்கள். குடித்த கப்பைப் பெட்டியிலோ தன்னார்வலர் நீட்டும் பையிலோதான் போட வேண்டும். மழைக்கோட்டுக்கும் ஜெல் உறைக்கும் அதே விதிதான். ஜெல் உறையை அடுத்த பெட்டி வரும்வரை பாக்கெட்டிலேயே வைத்து ஓடுகிறவர்களைச் சுற்றிலும் பார்ப்பீர்கள். அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. ஓரத்தில் நின்று மிட்டாய் நீட்டும் பாட்டிமார்கள், வலிநிவாரண ஸ்ப்ரேயைத் தயாராகப் பிடித்திருக்கும் தாத்தாக்கள், ‘கன்பத்தே’ (விடாதே, முயற்சி செய்) என்று கத்தும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். ஸ்ப்ரே வேண்டுமென்றால் வலிக்கிற இடத்தைக் காட்டினால் போதும். சிறு தலைவணக்கம் போடுங்கள். தண்ணீர் நிலையத்தில் ‘அரிகாதோ’ (நன்றி) சொல்லுங்கள். மார்பில் நாட்டின் பெயரோ கொடியோ இருந்தால் அதைச் சொல்லியே கூப்பிடுவார்கள்.

முடித்த பிறகு, ஒப்படைத்த பையைத் திரும்ப வாங்கக் கணிசமான தூரம் நடக்க வேண்டும். கொடுக்கும் துண்டையோ போர்வையையோ உடனே சுற்றிக்கொள்ளுங்கள், நின்ற ஐந்தாவது நிமிடம் குளிர் பிடித்துவிடும்.

ஓடிய கால்களோடு ஜப்பான்

மாலையே வெந்நீர்க் குளியலுக்கு ஓடாதீர்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது 42 டிகிரி நீரில் இறங்கினால் தலை சுற்றும். நன்றாகக் குடித்து, சாப்பிட்டு, மறுநாள் போங்கள். தெருவில் இருக்கும் செந்தோ என்ற பொதுக் குளியலறைக்கு டோக்கியோவில் 600 யென்னுக்குள்தான் ஆகும். ஆண்களும் பெண்களும் தனித்தனி, ஆனால் உள்ளே உடையே கிடையாது. நமக்குக் கூச்சமாக இருக்கும், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவ வேண்டும், அப்புறம்தான் தொட்டி. சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்கள் பலவற்றில் அனுமதி இல்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாயன்று ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்துக் கியோட்டோ போகலாம். நொசொமி ரயிலில் இரண்டேகால் மணி நேரம், ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாகிவிட்டதால் இந்தப் பயணத்துக்கு அது நஷ்டம். வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை தெரியும்.

கியோட்டோவில் எல்லோரும் முதலில் ஓடுவது ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரணங்கள் நிற்கும் ஃபுஷிமி இனாரிக்கு. அது மலையேற்றம், வாரக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன்னால் கோஓ ஆலயம் போய் வாருங்கள். பழைய அரண்மனைக்கு மேற்கே, சமதரையில் இருக்கிறது. காலுக்கும் இடுப்புக்கும் வேண்டிக்கொள்ளும் ஆலயம் இது. 8ஆம் நூற்றாண்டில் நாடு கடத்தப்பட்ட வகே நோ கியோமரோ என்ற அதிகாரியை 300 காட்டுப்பன்றிகள் சூழ்ந்து காப்பாற்றின, அடிபட்ட அவர் கால் குணமானது என்று கதை. அதனால் வாசலில் வழக்கமான காவல் மிருகங்களுக்குப் பதிலாகப் பன்றிச் சிலைகள். ஓட்டக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

தேநீர்ச் சடங்குக்குப் பதிவு செய்யும்போது நாற்காலி முறை உண்டா என்று கேளுங்கள். மண்டியிட்டு உட்கார்வது இப்போது நடக்காத காரியம். இது ஏதோ நமக்காகச் செய்யும் சலுகை இல்லை. 1872இல் கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே என்ற தேநீர்ச் சடங்குப் பள்ளியின் குருவே உருவாக்கிய முறை. ஷோஜின் என்ற புத்த மடத்துச் சாப்பாட்டையும் விடாதீர்கள். மீன் தாஷி கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

மார்ச் முதல் வாரத்தில் போகிறவர்களுக்கு இரண்டு அதிர்ஷ்டங்கள். ஒன்று, கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் நாராவில் தோதாய்ஜி கோயிலின் ஒமிசுதோரி விழா. 752ஆம் ஆண்டிலிருந்து ஒரு முறைகூட விட்டுப்போகாமல் நடக்கிறது. மார்ச் 1 முதல் 14 வரை ஒவ்வொரு மாலையும் நிகட்சுதோ மண்டபத்தின் மாடத்தில் பெரிய தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தீப்பொறி மழையாகக் கொட்டும். கட்டணம் இல்லை. 12ஆம் தேதி பந்தங்களும் பெரிது, கூட்டமும் பெரிது. வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும், கனமான ஸ்வெட்டர் அவசியம்.

இன்னொன்று, மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒசாகாவில் தொடங்கும் சுமோ போட்டி. டோக்கியோவில் ஓடிய சரியாக ஒரு வாரத்தில் அதைப் பார்க்கலாம். டிக்கெட் ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கீழே நால்வர் சம்மணமிட்டு நெருக்கியடிக்கும் பெட்டி இருக்கைகளை விட்டுவிட்டு மாடியில் நாற்காலி வாங்குங்கள். காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம், விலையும் குறைவு.

திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்கே போட வேண்டாம். நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். குறைந்தது இரண்டு நாள் விடுங்கள், நடைவழியோர இருக்கை கேளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். ஒசாகாவில் முடிக்கிறவர்கள் டோக்கியோவுக்குத் திரும்பி வராமல் கன்சாய் விமான நிலையத்திலிருந்தே கிளம்புகிற மாதிரி டிக்கெட் எடுத்தால் ஒரு ஷிங்கான்சென் காசு மிச்சம்.